காணும் பொங்கலுக்கு அம்மா வீட்டில் இருந்தாள்

கார்டு இல்லாவிட்டால் கம்பெனிக்குள் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது தெருக்குழாயடியில். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை, அம்மாவோடு ஒரே பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போகிறவள், குடத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டே யாரோ ஒரு பெண்ணின் கதையைச் சொன்னாள்.

"கார்ட ஊட்ல உட்டுட்டு வந்துட்டாளாம். செக்யூரிட்டி கேட்லயே மடக்கிட்டான். அழுதுகினே திரும்பிப் போனா. கார்டு இல்லன்னா ஒரு ஈ கூட உள்ள போவ முடியாது."

குழாயடியில் இருந்தவர்களுக்கு அது வம்பு. எனக்கு அது கண்டுபிடிப்பு. பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அத்தை அதற்குப் பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காத்திருக்கவில்லை. எதையும் பாதி கேட்டதுமே எனக்குப் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை அப்போதே உண்டு. இன்றும் கல்லூரியில் கேள்வி முடிவதற்குள் கை தூக்குகிறவள் நான்தான்.

எங்கள் வீடு ஆரம்பாக்கத்தில், ஒரே அறை. அந்த அறைக்குக் கடிகாரம் தேவையில்லை. காலை ஐந்து ஐம்பதுக்கு நைனாவின் போன் மூன்று முறை அடித்து நிற்கும். அம்மா கொடுக்கும் மிஸ்டு கால் அது. கம்பெனி வாசலில் இறங்கி, போனை லாக்கரில் வைத்துப் பூட்டுவதற்கு முன்னால் கொடுப்பாள். நான் வந்து சேர்ந்துவிட்டேன், நீங்கள் எழுந்திருங்கள் என்று அதற்குப் பொருள். நானும் நைனாவும் எழுவோம். அம்மா நான்கு மணிக்கே எழுந்து செய்து வைத்த நாஷ்டாவைச் சாப்பிடுவோம். நானே தலை பின்னிக்கொள்வேன். ஒரு பின்னல் காதுக்கு மேலும் ஒன்று காதுக்குக் கீழும் இருக்கும். நைனா வாடகைக்கு ஓட்டும் குட்டியானை வண்டியில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு லோடு ஏற்றப் போவார். மாலையில் நானே கதவைத் திறந்து, அரிசி கழுவி உலையில் போடுவேன். அம்மா வர ஏழரை ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம். காரில் போகும் ஒயர்களை வரிசைப்படி சேர்த்து டேப் சுற்றும் வேலை அவளுக்கு. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே.

அந்த வருடம் பொங்கலுக்கு நான்கு நாள் லீவு என்று அம்மா சொன்னதும் நான் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு டைம்டேபிள் தயாரித்தேன். நான்கு நாளுக்கும் நான்கு கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் முதல் வரி ஒன்றுதான்: தலை பின்னுதல், அம்மா. கடைசிக் கட்டத்தில், காணும் பொங்கலுக்கு நேராக, பழவேற்காடு, படகு, வறுத்த மீன் என்று சிவப்பு மையில் எழுதினேன். மூன்று பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. அம்மாவிடம் காட்டியபோது, "ஆவட்டும், போலாம்" என்றாள். போலாம் என்பதை நான் சத்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.

போகிக்கு இரண்டு நாள் முன்பு அம்மா வேறு சேதியோடு வந்தாள்.

"மூணு நாளுதான் லீவு. காணும் பொங்கலுக்கு வேல கீது."

"நாலுன்னு சொன்ன?" என்றேன்.

"நானா சொன்னேன்? அவன் சொன்னான், நான் சொன்னேன். இப்ப அவன் மாத்திக்கினான்."

அவன் என்றால் காண்ட்ராக்டர். நைனா சுவரில் சாய்ந்தபடி, "ஒரு நாளு போவலன்னா இன்னா? கம்பெனிய பேத்து எடுத்துகினு பூடுவாங்களா?" என்றார்.

"உனுக்கு இன்னாய்யா. வண்டி சாவிய எங்க வச்சன்னே தெரியாம நீ நாலு நாளு சுத்துவ. எனுக்கு அப்டியா? பதினோரு மாசம் ஒரு லீவு போடல. இன்னும் ஒரு மாசம் இப்டியே போனா கம்பெனி ஆளா எடுத்துக்கறேன்னு சொல்லிக்கீறாங்க. பண்டிக முடிஞ்ச மொத நாளு யாரு வர்றா, யாரு வர்லன்னு தல எண்ணுவாங்க. அன்னிக்கி வர்லன்னா பிரேக்கு. மறுபடி மொதல்லர்ந்து."

இதையும் நான் கேட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த அளவில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு நீல கோட்டு, கம்பெனி ஆட்களுக்குச் சாம்பல் கோட்டு. அம்மா ஒரு கோட்டின் நிறத்துக்காகப் பழவேற்காட்டை விட்டுக்கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நீலம் அவளுக்கு நன்றாகத்தானே இருக்கிறது.

அந்தக் கோபத்தோடு இருந்தபோதுதான், மறுநாள் குழாயடியில் அத்தை கார்டு கதையைச் சொன்னாள்.

அம்மாவின் கார்டு கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். நீலப் பட்டி, நுனியில் ஒரு இரும்புக் கொக்கி, அதில் அம்மாவின் சிரிக்காத போட்டோ. ஒளித்து வைக்கலாம் என்று முதலில் யோசித்தேன். ஆனால் ஒரே அறையில் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு குண்டூசியைக்கூட ஒளிக்க முடியாது. அடுத்த நாள் போகி. வீட்டில் உள்ள ஒரு பொருளை எல்லோரும் பார்க்க, மேளம் அடித்து, ஒன்றுமில்லாமல் ஆக்குவதற்கு வருடத்தில் ஒரே ஒரு நாள் அனுமதி உண்டு. அந்த நாள் கையருகில் இருந்தது.

முந்தின மாலையே நைனா எரிக்க வேண்டியவற்றை மூலையில் குவித்தார். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், ஜிப் போன அம்மாவின் பழைய கைப்பை. பையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறினார். ஒரு ஹேர்பின்னும் ஒரு பஸ் டிக்கெட்டும் விழுந்தன. உள்ளறைக்குள் விரல் விட்டுத் துழாவியும் பார்த்தார். "பாரு, உன் நைனா எவ்ளோ உஷாரு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருக்கு உஷார் என்று பேர் கிடைப்பதில்லை, அதனால் தானே வைத்துக்கொண்டார்.

விடியற்காலையில் தெருவில் மேளச் சத்தம் கேட்டதும் எழுந்தேன். அம்மா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். நான்கு மணியைத் தாண்டி அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். நைனா வாசலில் பாயைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். நான் முக்காலி போட்டு ஏறி, கார்டை ஆணியிலிருந்து எடுத்து, பழைய பையின் உள்ளறையில் திணித்து, பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே போனேன்.

"நைனா, இதையும் போடு."

அவர் வாங்கிப் போட்டார். பிறகு பார்க்கக்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரரோடு டயர் எரித்தால் போலீஸ் வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தார். பை முதலில் சுருங்கியது, பிறகு மூச்சு விடுவதுபோல ஒருமுறை உப்பியது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. அந்தத் தெருவில் அன்று வராத நாற்றமா அது. நான் மேளத்தை எடுத்து அடித்தேன், கை சிவக்கும் வரை.

சாயங்காலம் நைனா பொங்கல் பானைக்கு வாங்கிய மஞ்சள் கொத்துகளில் மிஞ்சிய ஒன்றை, ஈரம் படாமல் இருக்க, அந்த ஆணியில் மாட்டினார். அம்மா பார்த்தாள். கார்டை எங்காவது பத்திரமாக எடுத்து வைத்திருப்பார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்று நாளும் அம்மா என்னுடையவள், நான்காவது நாளையும் நான் சேர்த்து வாங்கிவிட்டேன் என்று இருந்தேன். ஆனால் அந்த லீவு என் டைம்டேபிளைப் படித்திருக்கவில்லை. பொங்கல் அன்று அம்மா வழக்கம்போல நான்கு மணிக்கே விழித்துவிட்டாள். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் நடு அறையில் நின்றாள். ஐந்து ஐம்பதுக்குப் போனை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தாள். கொதிக்கக் கொதிக்கத் தேநீரை இரண்டே வாயில் குடித்தாள். சர்க்கரைப் பொங்கலை நின்றபடியே தின்றாள். உட்கார்ந்து சாப்பிடு என்று நைனா சொன்னதற்கு, "உக்காந்தா எழுந்துக்க முடியாதுய்யா" என்றாள்.

என் ராஜ்யமும் கலைந்தது. அடுப்பின் முன்னால் என் முக்காலி இருக்கும் இடத்தில் அவள் நின்றாள். அரிசியை நான் இரண்டு தண்ணீரில்தான் கழுவுகிறேன் என்று கண்டுபிடித்தாள். குடம் மூடாமல் இருப்பதை, சீருடையை உதறாமல் மடிப்பதை, எல்லாவற்றையும் அந்த மூன்று நாளில் கண்டுபிடித்தாள். "யாருடி உனுக்கு இப்டி சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் அதற்குப் பதில். நான் முறைத்தேன். தலை பின்ன உட்கார்ந்தேன். டேப் சுற்றிச் சுற்றி வெடித்திருந்த அவளுடைய கட்டைவிரல் தோலில் என் முடி மாட்டி இழுத்தது. நான் கத்தினேன். "போடி, நீயே பின்னிக்கோ" என்று சீப்பைப் போட்டுவிட்டாள். மாட்டுப் பொங்கல் பகல் முழுக்கச் சுவரில் சாய்ந்து தூங்கினாள். தூக்கத்தில் அவள் விரல்கள் எதையோ சுற்றிக்கொண்டிருந்தன. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, நாளைக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

காணும் பொங்கல் காலை நான்கரைக்கு அம்மா நீல கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் கை நீட்டினாள். கையில் மஞ்சள் கொத்து வந்தது.

"யோவ், கார்டு எங்கய்யா?"

"அங்கதான கீது."

"இங்க மஞ்சாதான் கீது."

அதன் பிறகு வீடு புரண்டது. அலமாரித் துணியெல்லாம் தரையில். அரிசி டப்பாவுக்குள் கை விட்டுப் பார்த்தாள். நான் போர்வைக்குள் படுத்து, கண்ணை மூடி, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டிருந்தேன். நைனா என் போர்வையைத் தூக்கி, அடியில் பார்த்து, திரும்பப் போர்த்தினார். பிறகு போன் வெளிச்சத்தோடு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாக்கடை ஓரம் ஒதுக்கி வைத்திருந்த போகிச் சாம்பலைக் குச்சியால் கிளறினார். எதையோ எடுத்து லுங்கியில் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தச் சின்ன இரும்புக் கொக்கி. தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். நான் குனிவதற்குள் பார்த்துவிட்டார். தான் உதறித் துழாவிய பை அது, காலையில் அதைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்பது, இரண்டும் அவருக்குத் தெரியும். கொக்கியைச் சாக்கடையில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"நான்தான்" என்றார். "மஞ்சக்கொத்து மாட்றதுக்கோசரம் போகிக்கு மொத ராத்திரியே ஆணிய காலி பண்ணேன். கார்ட அந்தப் பழைய பைல வச்சிட்டு மறந்துட்டேன். பையோட பூட்ச்சி."

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகப் பேசினாள்.

"பதினோரு மாசம்யா. ஜொரத்துல போனேன். உங்கம்மா செத்த பதினாறு அன்னிக்கிக்கூடப் போனேன். அத்த கொண்டி நெருப்புல போட்டுட்டு நிக்கிறியே."

நைனா நின்றார்.

"உன்ன நம்பி ஒரு துண்டுப் பேப்பரக் குடுக்க முடியுமாய்யா?"

பஸ் ஹாரன் கேட்டது. அம்மா கார்டு இல்லாமலே ஓடினாள்.

ஐந்து ஐம்பதுக்கு நாங்கள் இருவரும் விழித்து உட்கார்ந்திருந்தோம். போன் அடிக்கவில்லை.

பத்து மணிக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தாள். வாசலில் நடந்ததை அத்தைதான் பிறகு சொன்னாள். பண்டிகைக்கு வராமல் போகிறவர்களுக்குப் பதிலாக காண்ட்ராக்டர் அன்று ஒரு வேன் நிறைய ஆந்திரா பக்கத்துப் பெண்களைக் கொண்டுவந்து கேட் ஓரம் தயாராக நிறுத்தியிருந்தாராம். அம்மா செக்யூரிட்டியிடம் கெஞ்சினாளாம். சூப்பர்வைசர் வந்து, "பண்டிக வந்தா மட்டும் உங்க கார்டுக்கெல்லாம் கால் மொளச்சிடுது" என்றாராம். வேனிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அம்மாவின் வரிசைக்கு அனுப்பினார்களாம். அத்தை குழாயடியில் அன்று சொல்லி நான் கேட்காமல் ஓடிய மீதிக் கதையும் இதேதான். அந்தப் பெண்ணுக்கும் பிரேக் போட்டார்கள் என்பது.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என் திட்டம் பலித்துவிட்டது என்பதுதான். காணும் பொங்கலுக்கு அம்மா வீட்டில் இருந்தாள். நீல கோட்டைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பொங்கலுக்கு எடுத்த பாவாடையைப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் போய் நின்றேன்.

"பழவேற்காடு போலாமா?"

அம்மா என் பாவாடையைப் பார்த்தாள். "உங்க நைனாவோட போ" என்றாள்.

போனோம். இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. குட்டியானையில் முன்னால் உட்கார்ந்து போனேன். அவ்வளவு கூட்டத்திலும் படகில் ஓர் இடம் பிடித்தார் நைனா. ஏரித் தண்ணீரில் கை விட்டுக்கொண்டே போனேன். கரையில் வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தார். அவர் தின்னவில்லை, நான் இரண்டு தின்றேன். நன்றாகவே இருந்தது. திரும்பும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே, "அம்மாகிட்ட ஒண்ணியும் சொல்லாத பாப்பா" என்றார். நான் தலையாட்டினேன். அடி விழாமல் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அம்மாவுக்குப் புதுக் கார்டு வந்தது. புது நம்பர், முதல் மாதம் என்று கணக்கு. பகல் ஷிப்டில் இடம் இல்லை, நைட் என்றார்கள். அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அம்மா வீட்டில் இருந்தாள். ஜன்னலில் போர்வை கட்டி, காதில் பஞ்சு வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் கதவைச் சத்தமில்லாமல் திறக்கவும், தட்டை ஓசைப்படாமல் வைக்கவும், இருமல் வந்தால் வெளியே போய் இருமவும் பழகினேன். சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு போன் மூன்று முறை அடிக்கும். நான் கேட்டது கிடைத்தது, பகலில் அம்மா. சாம்பல் கோட்டு வரவே இல்லை. கம்பெனி ஆளாக எடுப்பதையே அடுத்த வருடம் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அம்மா வேறு கம்பெனியில், மறுபடி பகல் ஷிப்ட், அங்கேயும் நீல கோட்டுதான். நான் பொன்னேரியில் கல்லூரிக்கு ரயிலில் போய்வருகிறேன். நைனாவிடம் மட்டும் அந்தக் காணும் பொங்கலுக்குப் பிறகு யாரும் எதையும் கொடுப்பதில்லை. ரேஷன் கார்டு, கேஸ் புக், என் மார்க் ஷீட், எல்லாம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பூட்டுக்குள். வீட்டுச் சாவி இரண்டு. ஒன்று அம்மாவிடம், ஒன்று என்னிடம். மதியம் லோடு சீக்கிரம் முடிந்தால் நைனா பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார், நான் வரும் வரை. அத்தை, "இன்னாண்ணா, உங்க ஊட்டுக்கே கெஸ்ட்டா?" என்று கிண்டல் செய்வாள். அவரும் சிரிப்பார். வண்டி சாவியை அவர் கடைசியாகத் தொலைத்து எத்தனையோ வருடம் ஆகிறது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அடியிலிருந்து என்னைக் காப்பாற்றினார் என்றே பல வருடம் நம்பியிருந்தேன். அம்மா என்னை அடித்திருக்கலாம், அடித்து மறந்திருக்கலாம். நைனா பயந்தது அதற்கல்ல என்று இப்போது தோன்றுகிறது. புருஷன் மேல் கோபத்தோடு ஒருத்தி தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போய்விடலாம். தன் கார்டை எரித்தது தன் பெண், எரித்தது எதற்காக என்று தெரிந்தபின் எப்படி ஏறுவாள்? அவள் ஏறாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அவர் அந்த விடியலில், குச்சியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வரும் பத்தடிக்குள், இதை யோசித்திருக்கிறார். உஷாரான ஆள்தான்.

இரண்டு முறை அம்மாவிடம் சொல்ல முயன்றேன். ஒருமுறை அவள் தூங்கிவிட்டாள். ஒருமுறை நான் ஆரம்பித்ததும், "உங்க நைனாவுக்குப் பரிஞ்சுகினு வராத" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருடமும் மூன்று நாள் லீவு விட்டிருக்கிறார்கள். நாளை மறுநாள் போகி. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சாவி செய்கிறவரிடம் இன்று காலை என் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அதேபோல இன்னொன்று வேண்டும் என்று. போகியன்று அம்மா எழுந்து, தேநீரோடு நின்றுகொண்டிருக்கும்போது, அவள் பார்க்க அந்தச் சாவியை நைனாவின் கையில் கொடுக்கப் போகிறேன். இது எதுக்குடி இந்த ஆளுக்கு என்று அவள் கட்டாயம் கேட்பாள். அவள் கேள்வியை முழுவதும் முடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு பேச வேண்டும்.